கீலிங் தீவுகளில் தங்கிச் சென்றவர்கள்

இந்து சமுத்திரத்தின் தென்கிழக்கு மூலையில், சுமத்திராவுக்கும் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும் இடையே, எந்தப் பெருநிலத்தோடும் சேராமல் தனித்துக் கிடக்கும் கோகோஸ் அல்லது கீலிங் என்னும் தீவுக் கூட்டத்தின் சரித்திரத்தை அறியப் புகுவோர் முதலில் ஒன்றைக் கவனிக்க நேரும். அந்தச் சரித்திரத்தை நமக்குச் சொல்லி வைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர், அங்கே சில நாள் தங்கி, தண்ணீரும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு, மறுபடியும் பாய் விரித்துப் போய்விட்ட கப்பற்காரர்களே. அவர்கள் எழுதியவை சுவை மிக்கவை. சில உலகப் பிரசித்தி பெற்றவை. ஆனால் அவர்கள் போன பிறகும் அந்த மணலிலேயே வாழ்ந்து, அங்கேயே தேங்காய் உரித்து, அங்கேயே அடக்கமான மனிதர்களின் கதை அந்த ஏடுகளின் ஓரங்களில்தான் அகப்படுகிறது. ஓரங்களில் கிடப்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவுகள் மொத்தம் இருபத்தேழு. இவற்றுள் இருபத்தாறு தீவுகள் ஒரு பெரிய காயலைச் சூழ்ந்து வளையமாக நிற்க, வடக்கே பதினைந்து மைலுக்கு அப்பால் ஒற்றைத் தீவொன்று தனியே இருக்கிறது. அதற்கு வட கீலிங் என்று பெயர். எல்லாவற்றையும் கூட்டினாலும் நிலப்பரப்பு 14 சதுர கிலோமீட்டர்தான். மலை இல்லை, ஆறு இல்லை. பெய்த மழைநீர் பவழ மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதால், கிணறு தோண்டினால் குடிக்கத்தக்க தண்ணீர் கிடைக்கிறது. கடல் ஏறும்போது கிணற்று நீரும் ஏறும், கடல் வடியும்போது அதுவும் வடியும். இந்தத் தண்ணீரும், கணக்கற்ற தென்னைகளும், புயலுக்கு ஒதுங்கத்தக்க அமைதியான காயலும் இருந்தபடியால்தான், நடுச்சமுத்திரத்தில் நெடும் பிரயாணம் செய்த மாலுமிகள் இத்தீவுகளை நாடி வந்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவரான வில்லியம் கீலிங் 1609-இல் ஜாவாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் இவற்றைக் கண்டார் என்பர். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மனிதர் எவரும் குடியேறவில்லை. கடற்பறவைகளும், மரத்தில் ஏறும் நண்டுகளும், அலையில் மிதந்து வந்து முளைத்த தென்னையுமே அங்கு இருந்தன.

குடியேற்றம் தொடங்கிய விதம் கதை எழுதுவோர்கூடக் கற்பனை செய்யத் தயங்கும் தன்மையது. போர்னியோவில் பஞ்சார்மாசின் என்னுமிடத்தில் ஆங்கிலேயரின் அதிகாரியாய் இருந்து, பிறகு பல இடங்களில் நிலைகொள்ளாமல் அலைந்த அலெக்சாண்டர் ஹேர் என்பவர், 1826-இல் தம்முடைய அடிமைகளாகிய சுமார் நூறு ஆண் பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து இத்தீவுகளில் இறக்கினார். அவர்களில் பெண்கள் பலர். ஹேரின் அந்தப்புரத்தைப் பற்றி அக்காலத்து மாலுமிகள் பேசாத பேச்சில்லை. மறு ஆண்டே ஷெட்லாந்துத் தீவைச் சேர்ந்த ஜான் கிளூனிஸ்-ராஸ் என்னும் கப்பல் தலைவர், இவ்விடத்தை முன்பே வந்து பார்த்துவிட்டுப் போனவர், தம் மனைவி மக்களோடும் சில மாலுமிகளோடும் நிரந்தரமாக வந்து சேர்ந்தார். ஒரே வளையத்துக்குள் இரண்டு எஜமானர்கள் அமைந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஹேரின் ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக ராஸின் பக்கம் ஓடிப் போயினர். 1831-இல் ஹேர் தீவை விட்டே போய்விட்டார். ஓடி வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் ராஸ் குடும்பத்தின் தென்னந்தோப்புத் தொழிலாளராயினர். மலாய்த் தீவுகளின் பல மூலைகளிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் பிடுங்கி வரப்பட்ட இந்த மக்களே நாளடைவில் கோகோஸ் மலாய்கள் என்னும் தனிச் சமூகமானார்கள்.

இந்நிலையில்தான் 1836 ஏப்ரல் 1-ஆம் தேதி பீகிள் என்னும் ஆராய்ச்சிக் கப்பல் காயலுக்குள் புகுந்து நங்கூரமிட்டது. கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய். உடன் வந்தவர், அப்போது இருபத்தேழு வயது நிரம்பிய சார்லஸ் டார்வின். பவழத் தீவுகள் எப்படித் தோன்றுகின்றன என்பது பற்றிய தம்முடைய சித்தாந்தத்தை அவர் தென்னமெரிக்கக் கரையிலேயே, ஒரு பவழத் தீவையும் கண்ணால் காணுமுன்பே, மனத்தில் வகுத்துக்கொண்டுவிட்டார். எரிமலைத் தீவொன்று கடலுக்குள் மெல்ல மெல்ல அமிழ, அதன் விளிம்பைப் பற்றி வளரும் பவழம் மட்டும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்து, இறுதியில் மலை முற்றும் மறைந்து பவழ வளையம் மாத்திரம் எஞ்சுகிறது என்பதே அச்சித்தாந்தம். அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு வாய்த்த வளையத் தீவு, அவர் காலால் மிதித்த வளையத் தீவு, இது ஒன்றே. கரையிலிருந்து ஒன்றேகால் மைல் தூரத்தில் ஃபிட்ஸ்ராய் 7,200 அடி நீளக் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கியும் அடி தட்டவில்லை என்ற செய்தி, இத்தீவு சமுத்திரத்துக்குள் நிற்கும் ஒரு பெரிய மலையின் உச்சி என்பதை டார்வினுக்கு உறுதிப்படுத்திற்று. 1842-இல் அவர் பவழப் பாறைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். நூற்றுப் பத்தாண்டுகள் கழித்து, 1952-இல், பசிபிக் சமுத்திரத்தில் எனிவெட்டோக் தீவில் நாலாயிரம் அடிக்கு மேல் துளையிட்டபோது பவழத்துக்கு அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டு, அவர் சொன்னது மெய்யாயிற்று.

இந்த விஞ்ஞானப் பெருமையை யாவரும் எழுதுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு நாட்களில் டார்வின் கண்டு குறித்த மற்ற விஷயங்கள் எனக்கு இன்னும் மதிப்புடையனவாகத் தோன்றுகின்றன. சுமத்திரா, ஜாவா முதலிய தூர தேசங்களின் விதைகள் அலையில் மிதந்து வந்து முளைத்திருப்பதை அவர் தேடித் தேடிச் சேகரித்தார். தேங்காயின் நாரை இழை இழையாகக் கிழித்து, கண் இருக்கும் பக்கத்தைத் தட்டித் திறந்து, பருப்பைத் தின்னும் பெரிய நண்டின் திறமையை வியந்து எழுதினார். நீரில் ஓடும் ஆமையைப் படகில் துரத்தி, சமயம் பார்த்து ஒருவன் அதன் முதுகின்மேல் பாய்ந்து ஓட்டைப் பற்றிக்கொள்ள, ஆமை களைத்து நிற்கும் வரையில் அவன் அதன்மேல் சவாரி செய்வதைக் கண்டார். ஓரிரவு மலாய்ப் பெண்கள் ஒரு வினோதச் சடங்கை நடத்திக் காட்டினர். மரக் கரண்டியொன்றுக்கு ஆடை உடுத்தி, இறந்தவர் ஒருவரின் சமாதிக்குக் கொண்டு போய், பௌர்ணமி நிலவில் இருவர் பிடிக்க, சுற்றி நிற்போர் பாட, கரண்டிக்கு ஆவேசம் வந்து அது ஆடும் என்பது அவர்கள் நம்பிக்கை. டார்வின் அதை மூடத்தனமான காட்சி என்று எழுதிச் சென்றார். என் அபிப்பிராயம் வேறு. எங்கிருந்தோ பிடித்து வரப்பட்டு, திரும்பிச் செல்ல வழியற்று, முன்னோர் ஒருவரின் சமாதியும் இல்லாத மணலில் இறக்கப்பட்ட ஜனங்கள், பத்தே ஆண்டுகளுக்குள் தங்களுக்கென்று ஒரு மயானத்தையும் அதைச் சுற்றி ஒரு சடங்கையும் நிலைநிறுத்திக்கொண்டார்கள் என்பதற்கு அந்தக் கரண்டியாட்டம் சாட்சியாகிறது. டார்வினே வேறோரிடத்தில், இம்மக்கள் பெயரளவில் சுதந்திரம் பெற்றவராயினும் பல விஷயங்களில் அடிமைகளாகவே கருதப்படுகின்றனர் என்று எழுதத் தவறவில்லை. அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

ராஸ் குடும்பத்தின் ஆட்சி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 1857-இல் ஃப்ரீமாண்டில் என்னும் கடற்படைத் தலைவர் வந்து, தீவுகளை பிரிட்டிஷ் மகுடத்துக்குச் சேர்த்துக்கொண்டதாகப் பிரகடனம் செய்தார். அந்தமானுக்கு அருகிலுள்ள கோகோ தீவுகளைச் சேர்க்கும்படி வந்த உத்தரவு இடம் மாறி இங்கே நிறைவேறிவிட்டது என்று சொல்லப்படுகிறது. 1878-இல் இவை இலங்கைக் கவர்னரின் பொறுப்பிலும், 1886-இல் மலாக்கா ஜலசந்திக் குடியேற்றங்களின் பொறுப்பிலும் வைக்கப்பட்டன. அதே 1886-இல் விக்டோரியா மகாராணியின் சாசனம் இத்தீவுகளை ராஸ் குடும்பத்துக்கு என்றென்றைக்குமாக வழங்கிற்று. மண்ணைக் குறித்து எழுதிய அந்தச் சாசனத்தில் மனிதர்களைக் கேட்டு எழுதியது ஒன்றுமில்லை.

அக்குடும்பத்தார் தோப்புக் கூலியைத் தாங்களே வெளியிட்ட நாணயத்தில் கொடுத்தனர். முதலில் ஆட்டுத்தோலில் அச்சிட்ட சீட்டுகள். பிறகு, 1913 முதல், தந்த நிறத்து வில்லைகள். அவற்றின் மதிப்பு ரூபாயில் கணக்கிடப்பட்டது. அந்த ரூபாய் செல்லுமிடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது எஜமானரின் கடை. தீவை விட்டுப் போனவர் மறுபடி வந்து குடியேறக்கூடாது என்ற கட்டுப்பாடும் நெடுங்காலம் இருந்தது. வீடும் வைத்தியமும் கிடைத்தன, சண்டை சச்சரவு குறைவு, இதையும் மறைக்கக்கூடாது. ஸ்காட்லாந்து எஜமானர்களிடமிருந்து கற்ற ரீல் ஆட்டத்தைப் பிடில் வாசித்துக்கொண்டு மலாய் இளைஞர்கள் ஆடும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு என்பது, இரண்டு சமூகங்கள் நெருங்கி வாழ்ந்ததற்கு அடையாளம்தான். ஆனால், செலாவணி முழுவதும் ஒருவர் பெட்டியிலிருந்து புறப்பட்டு அவர் பெட்டிக்கே திரும்பிவரும் ஊரில், நலம் எவ்வளவு இருந்தாலும் அது தயவின் பேரில் கிடைப்பதே. உரிமையின் பேரில் கிடைப்பதன்று.

1897 ஜூலை 17-ஆம் தேதி ஒரு சிறு பாய்மரப் படகு அத்தீவை அடைந்தது. அதில் இருந்தவர் ஒரே ஆள். உலகத்தைத் தனியொருவராய்ப் படகில் சுற்றி வந்த முதல் மனிதராகிய ஜோஷுவா ஸ்லோகம், வடஆஸ்திரேலியாவின் தர்ஸ்டே தீவிலிருந்து 2,700 மைலை இருபத்துமூன்று நாளில் கடந்து, அத்தனை தூரத்திலும் சுக்கானைக் கையால் பிடித்தது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு என்னும்படி, தம் 'ஸ்ப்ரே' படகைக் காற்றின் போக்கில் விட்டு இங்கே வந்து சேர்ந்தார். ஒரு மாதத்துக்கு மேல் தங்கினார். படகின் அடிபாரமாக வைத்திருந்த சிமெண்டைக் கழித்துவிட்டு, காயலில் எடுத்த ராட்சதச் சிப்பிகளை ஏற்றிக்கொண்டார். படகுக்குக் கீல் பூசிக்கொண்டிருந்த சமயத்தில் அவர் கறுப்புப் பழப்பாகைப் பிஸ்கட்டில் தடவித் தின்றதைக் கண்ட மலாய்க் குழந்தைகள், கப்பல்காரர் கீலைத் தின்கிறார் என்று கூவி ஓடினவாம். பிறகு அதன் ருசி தெரிந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டு விடவில்லையாம். படகு மணலில் ஊன்றி அசைய மறுத்தபோது, அடியில் பெரிய நண்டொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு குழந்தை காரணம் சொல்லிற்று. பூலோகத்தில் சொர்க்கம் உண்டென்றால் அது இதுவே என்ற கருத்துப்பட ஸ்லோகம் எழுதினார். அவருடைய மனம் நல்லது, அன்பு மெய்யானது. ஆயினும் ஆகஸ்டில் அவர் பாய் விரித்தார். வேண்டும்போது வந்து வேண்டும்போது போகத்தக்கவருக்குச் சொர்க்கமாய்த் தோன்றிய அதே இடத்தில், போனால் திரும்ப முடியாத ஜனங்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை அவருடைய இனிய பக்கங்களை வாசிக்கும்போது நான் மறப்பதில்லை.

1901 முதல் கடலடித் தந்திக் கம்பிகள் வரலாயின. ஆஸ்திரேலியாவிலிருந்தும், ஜாவாவிலிருந்தும், ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வழியிலுள்ள ரோட்ரிக்ஸ் தீவிலிருந்தும் வந்த மூன்று கம்பிகள் இக்கூட்டத்தைச் சேர்ந்த டைரக்ஷன் தீவில் சந்தித்தன. எவரும் அறியாதிருந்த பவழ மணல் ஒரே நாளில் சாம்ராஜ்யத்தின் நரம்பு முடிச்சாயிற்று. அதனாலேயே யுத்தமும் அதைத் தேடி வந்தது.

சென்னை மக்களுக்கு இந்தச் சரித்திரத்தில் பங்குண்டு. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனை நம் பாட்டிமார் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் நம் ஊர்ப் பேச்சிலேயே புகுந்துவிட்டது. உயர்நீதிமன்ற மதிற்சுவரில் நினைவுக்கல்லும் இருக்கிறது. அந்த எம்டன் முடிவடைந்த இடம் இந்தக் கீலிங் தீவுகளே. சென்னையை விட்டுப் போய், அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு ருஷ்யக் கப்பலையும், வெளியே ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்த பின், தளபதி ஃபான் முல்லர் நவம்பர் 9-ஆம் தேதி விடியலில் டைரக்ஷன் தீவுக்கு முன்னே வந்து நின்றார். மூன்று புகைபோக்கிகள் உள்ள தம் கப்பலுக்கு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை வைத்து ஆங்கிலக் கப்பல்போல் காட்டுவது அவருடைய தந்திரம். தந்தி நிலையத்தார் ஏமாறவில்லை. அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்ற செய்தியை உடனே காற்றில் அனுப்பிவிட்டனர்.

துணைத்தளபதி ஃபான் மூக்கே ஐம்பது பேரோடு கரையிறங்கி, கம்பிகளை அறுத்து, கருவிகளை உடைத்து, கம்பியில்லாத் தந்தியின் உயரமான கம்பத்தைச் சாய்த்தார். தங்கள் டென்னிஸ் மைதானத்தின்மேல் அது விழாதபடி சாய்க்க வேண்டுமென்று நிலையத்தார் கேட்டுக்கொள்ள, ஜெர்மானியர் அவ்வாறே செய்தனர் என்பது பிரசித்தம். ஆனால் எகிப்தை நோக்கி ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசை அன்று அருகில்தான் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து சிட்னி என்னும் போர்க்கப்பல் பிரிந்து விரைந்து வந்தது. எம்டன் தன் ஆட்களைக் கரையிலேயே விட்டுவிட்டு எதிர்த்துப் புறப்பட்டது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. பகல் உச்சிக்கு முன்பே எம்டன் சிதைந்து, வட கீலிங்கின் பவழப் பாறையில் வேண்டுமென்றே மோதிக் கரையேறிற்று. அதில் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிட்னியில் மாண்டவர் நால்வர்.

கரையில் நின்றவர் கதை இன்னும் வியப்பானது. ராஸ் குடும்பத்தின் கொப்பரையை முன்பு பட்டேவியாவுக்கு ஏற்றிச் சென்ற ஆயிஷா என்னும் 97 டன் பாய்க்கப்பல் காயலில் சும்மா நின்றிருந்தது, அடிமரம் இற்றுப்போனது. ஃபான் மூக்கே அதைக் கைப்பற்றி, அன்று மாலையே ஐம்பது பேரோடு வெளியேறினார். பகைவராகிய தந்தி நிலையத்தாரே உணவும் உடையும் தந்து வழியனுப்பினர். அவர்கள் சுமத்திராவின் பாடாங் துறையை அடைந்து, டிசம்பரில் நடுக்கடலில் ஒரு ஜெர்மானியச் சரக்குக் கப்பலுக்கு மாறி, ஆயிஷாவைத் தங்கள் கையாலேயே மூழ்கடித்துவிட்டு, அரேபியாவின் ஹொதைதாவில் இறங்கி, பாலைவனத்தில் பெதூயினரோடு போராடி, 1915 மே மாதத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்ந்தனர். வீரத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இரண்டாவது மகாயுத்தத்தின் சம்பவத்தை ஆரவாரமாகச் சொல்லுவாரில்லை, சொல்லவேண்டியது அவசியம். காயலின் வடபாகத்திலுள்ள ஹார்ஸ்பரோ தீவில் இரண்டு பெரிய பீரங்கிகளைக் காவல் காக்க இலங்கை பீரங்கிப் படையைச் சேர்ந்த வீரர் அமர்த்தப்பட்டிருந்தனர். ஆங்கிலத் தளபதியின் நடத்தையால் மனம் கொதித்தும், ஆசியாவில் வெள்ளையர் ஆட்சி முடியும் காலம் வந்தது என்று நம்பியும், கிராஷியன் பெர்னாண்டோ என்பவரின் தலைமையில் அவர்களில் ஒரு பிரிவினர் 1942 மே 8-ஆம் தேதி இரவு கலகத்தில் இறங்கினர். அது சில மணி நேரத்தில் அடங்கிற்று. ஆகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் பெர்னாண்டோவும் மற்றிருவரும் தூக்கிலிடப்பட்டனர். அந்த யுத்தத்தில் கலகக் குற்றத்துக்காகக் காமன்வெல்த் படைகளில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் இம்மூவர் மாத்திரமே. எம்டனின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நாம், அதே காயலில் நம் அண்டை நாட்டு இளைஞர்கள் செய்த இந்தக் காரியத்தை மறந்திருப்பது நியாயமன்று.

யுத்தத்தின் இறுதியில் மேற்குத் தீவில் தென்னைகளை வெட்டி விமானத் தளம் அமைத்தனர். 1952 முதல் பதினைந்து ஆண்டுகள் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே பறந்த விமானங்கள் அங்கே இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டன. யுத்தத்துக்குப்பின் தோப்பு வருமானம் போதாமையால் மலாய்க் குடும்பங்கள் பல வடபோர்னியோவுக்கும், சிங்கப்பூருக்கும், கிறிஸ்துமஸ் தீவுக்கும் பிரிந்து போயின. 1955-இல் தீவுகள் ஆஸ்திரேலியாவின் வசமாயின. தந்தி நிலையம் 1966-இல் மூடப்பட்டது.

இப்போதும் சமுத்திரம் கடக்கும் சிறு பாய்ப் படகுகள் டைரக்ஷன் தீவின் மறைவில்தான் நங்கூரமிடுகின்றன. படகோட்டிகள் தங்கள் படகின் பெயரைப் பலகைத் துண்டுகளில் எழுதிக் கரையிலுள்ள கொட்டகையில் தொங்கவிட்டுச் செல்வது வழக்கமாகியிருக்கிறது. எதிரே ஹோம் தீவில், மசூதியைச் சுற்றிய வரிசை வீடுகளில், நானூற்றுச் சொச்சம் மலாய் மக்கள் வாழ்கிறார்கள். ரம்ஜான் பெருநாளில் ஜுக்கோங் என்னும் தங்கள் பாய்ப் படகுகளைக் காயலில் பந்தயம் விடுகிறார்கள். அங்கே செல்லும் படகோட்டிகளும், அவர்கள் எழுதுவதை வாசிக்கும் நாமும், பலகைகள் தொங்கும் கொட்டகையோடு நின்றுவிடாமல், காயலைக் கடந்து அந்த ஊருக்கும் போய், அதன் பெரியவர்களைக் கேட்டு எழுதவேண்டும்.

1978-இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் ராஸ் குடும்பத்தின் மாளிகை நீங்கலாகத் தீவுகளை 62,50,000 டாலருக்கு விலைக்கு வாங்கிற்று. 1984 ஏப்ரல் 6-ஆம் தேதி, ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையாளர் முன்னிலையில், தங்கள் எதிர்காலம் என்ன என்று அத்தீவு மக்கள் முதல் தடவையாகக் கேட்கப்பட்டார்கள். தனி நாடாவதற்கு 9 பேரும், ஆஸ்திரேலியாவோடு தளர்ந்த உறவுக்கு 21 பேரும், அதன் சரிசமான பிரஜைகளாக முற்றிலும் இணைவதற்கு 229 பேரும் வாக்களித்தார்கள்.